டவுன் இரும்புக்கடையில் வாங்கிய தோசைக்கல்: எட்டு மாதத்துக்குப் பிறகு

மூன்று கிலோ நானூறு கிராம். கடைக்கார அண்ணாச்சி தராசில் வைத்துக் காட்டிய எடை அது. பன்னிரண்டு அங்குல வார்ப்பு இரும்புத் தோசைக்கல், இரண்டு பக்கமும் காது, விலை 1,150 ரூபாய். எட்டு மாதமாகத் தினமும் அடுப்பில் இருக்கிறது. நன்றாக இருக்கிறதா என்று பள்ளியில் சக ஆசிரியைகள் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நான்-ஸ்டிக் கல்லிலிருந்து ஏன் மாற்றினேன் என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கடை. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கிணற்று ராட்டினமும் அரிவாள்மணையும் சங்கிலியும் தொங்கும், அதுதான் அடையாளம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் காத்திருக்க வேண்டும். தோசைக்கல், பணியாரச் சட்டி, ஆப்பச் சட்டி, தாளிப்புக் கரண்டி எல்லாம் சுவரோரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டவுடன் அண்ணாச்சி கல்லை எடுத்துத் தந்துவிடவில்லை. "கேஸ் அடுப்பா, இண்டக்சனா டீச்சர்? வீட்டுல எத்தனை பேரு? கை வலி, தோள் வலி இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். தோள்பட்டை வலி உண்டு என்றேன். அதனால்தான் ஒற்றைக் கைப்பிடி வைத்ததை ஒதுக்கிவிட்டு இரண்டு காது வைத்ததை எடுத்தார். தூக்கும்போது பாரம் இரண்டு கைக்கும் பிரியும்.

அடுத்து, கல்லை விரல் நுனியில் தொங்கவிட்டு ஒரு ஸ்பேனரால் தட்டினார். கனமாக ஒரு தடவை ஒலித்து அடங்கியது. இன்னொன்றை எடுத்துத் தட்டினார். அதன் ஒலி பாதியிலேயே செத்துப்போனது. "இது கண்ணுக்குத் தெரியாத விரிசல். ரெண்டு மாசத்துல பிளந்திரும்" என்று அதைத் தனியாக வைத்தார். மூன்றாவதாக ஒரு மெல்லிய கல்லைத் தட்ட, தாம்பாளம் போல நீளமாகக் கணீரென்றது. அது தகட்டு இரும்பு. சீக்கிரம் சூடேறும், நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. வெளியே பல இடங்களில் இதையே வார்ப்பு என்று சொல்லி விற்கிறார்கள் என்றார். கடைசியாகக் கல்லைக் கவிழ்த்துப் பளிங்கு மேடையில் வைத்து நான்கு பக்கமும் அழுத்திக் காட்டினார். ஆடவில்லை. இவ்வளவையும் செய்தது ஒரே ஒரு கல் வாங்க வந்த ஆளுக்காக. கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்கு இது போதும்.

கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கோயம்புத்தூர் வார்ப்படச் சாலை ஒன்றிலிருந்து. மேலே கறுப்புப் பெயின்ட் அடிக்காமல் வாங்குகிறார். இது முக்கியம். சில கல் கடையில் பார்க்கும்போதே பளபளவென்று கறுப்பாக இருக்கும். அது எண்ணெயா, மெழுகா, பெயின்ட்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். நான் வாங்கியது சாம்பல் நிறத்தில், மணல் வார்ப்பின் சொரசொரப்போடு, பார்க்க அழகே இல்லாமல்தான் இருந்தது.

இனி, ஏன் மாற்றினேன்.

என் தாய்மாமா 2022 ஐப்பசியில் இறந்தார். ஈரலில் புற்றுநோய். வயது 61. குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் துஷ்டி கேட்க வந்தவர்களில் சிலர் அத்தை காதுபடவே "வெளியூரு போன இடத்துல குடிச்சிருப்பாரோ என்னமோ" என்று பேசினார்கள். நம் ஊரில் ஈரல் என்றாலே குடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்த அத்தை, அவர் குடிக்காதவர் என்று பதினாறு நாளும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நிரூபித்துக்கொண்டிருந்தார். அதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மாமாவுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. சர்க்கரை இருந்தது. ஈரலில் கொழுப்பு இருந்தது. பழைய ஸ்கேன் காகிதங்களை எடுத்துப் பார்த்தால் வருடா வருடம் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று போட்டிருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

குடியும் இல்லை, வைரஸும் இல்லை என்றால் வேறு என்னவெல்லாம் ஈரலைப் படுத்தும் என்று அப்போதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். தேடிப் போன இடத்தில் நான் வகுப்பில் நடத்திய பாடமே எதிரில் வந்து நின்றது. பலபடிகள், அதாவது பாலிமர்கள், என்ற பாடத்தில் டெஃப்லானின் பயன்களில் ஒன்று, ஒட்டாத சமையல் பாத்திரங்களுக்குப் பூச்சு. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அடிக்கடி வரும். எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வீட்டில் என் அடுப்பிலும் அந்தக் கல்தான் இருந்தது.

டெஃப்லானை 1938-இல் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதில் கார்பனும் ஃபுளோரினும் பிணைந்திருக்கின்றன. கரிம வேதியியலில் இருக்கும் வலுவான பிணைப்புகளில் அது முதல் வரிசை. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டாது, அமிலம் அசைக்காது. இதே பிணைப்பை நம்பி ஆயிரக்கணக்கில் வேறு சேர்மங்களையும் செய்தார்கள். கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம், விமான நிலையங்களில் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று எல்லா இடத்திலும் அவை போயின. மொத்தக் குடும்பத்துக்கும் பி.எஃப்.ஏ.எஸ் என்று பெயர். மண்ணில் இருக்கும் கிருமியால் அந்தப் பிணைப்பை எளிதில் அறுக்க முடியாது, வெயிலாலும் முடியாது. அழியா வேதிப்பொருட்கள் என்று சொல்வது அதனால்தான்.

நம் உடம்பாலும் அதை உடைக்க முடியாது. பி.எஃப்.ஓ.எஸ் என்று இந்தக் குடும்பத்தில் ஒன்று. உடம்புக்குள் போனால் பாதியாகக் குறையவே பல வருடம் ஆகும். சாதாரணமாக எண்ணெய்த் தன்மையுள்ள நச்சு கொழுப்பில் போய் உட்காரும். இது அப்படி இல்லை. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. ஈரல் அதைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளிவிடப் பார்க்கும். குடல் அதைத் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். வெளியே அனுப்பிய விருந்தாளி கொல்லை வழியாகத் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி.

இதைப் படித்த அன்று பள்ளியில் ஆய்வகத்தை மூடிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஈரல் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான் படித்ததில் மனதில் நின்றது 2022-இல் வந்த தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு. லாஸ் ஏஞ்சலஸிலும் ஹவாயிலும் வாழும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடமாகத் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் இருக்கிறது. அதில் பலருடைய ரத்தத்தை முன்கூட்டியே வாங்கிப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் ஈரல் புற்றுநோய் வந்த 50 பேர், வராத 50 பேர், இவர்களுடைய பழைய ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்த ரத்தம் என்பதுதான் இதன் பலம். பி.எஃப்.ஓ.எஸ் அளவு அமெரிக்க மக்களில் மேல் 10 சதவீதத்தினரின் அளவுக்கு இருந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.5 மடங்காக இருந்தது. இது வைரஸால் வராத வகை. மாமாவுக்கு வந்தது போல.

எப்படி நடக்கிறது என்பதற்கும் அதே ரத்தத்தில் துப்பு கிடைத்தது. அளவு அதிகமாக இருந்தவர்களிடம் குளுக்கோஸ், பித்த அமிலம், சில அமினோ அமிலங்கள் இவற்றின் கணக்கு மாறிப்போயிருந்தது. ஈரலில் கொழுப்பு சேரும்போது குழம்புவதும் இவைதான். அதாவது நேராகப் போய்ப் புற்றை உண்டாக்குகிறது என்பதைவிட, ஈரல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் முறையைக் கெடுத்து, கொழுப்பு ஈரல் வழியாக அங்கே கொண்டுபோய் விடுகிறது என்று நினைக்க இடம் இருக்கிறது.

ஐம்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. 4.5 மடங்கு என்பதன் நிஜ அளவு 1.2-ஆகவும் இருக்கலாம், 16-ஆகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வே சொல்கிறது. மாணவர்களிடம் பிழை எல்லை பார்க்காமல் விடை எழுதாதே என்று சொல்கிறவள் இதையும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-இல், டெஃப்லான் செய்யப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ-வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பிலும், பி.எஃப்.ஓ.எஸ்-ஐ உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகுப்பிலும் வைத்தது. என் மாமாவுக்கு இதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் ரத்தத்தில் இதை யாரும் அளந்து பார்க்கவில்லை. சர்க்கரையும் கொழுப்பும் மட்டுமேகூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் குடிக்காத மனிதனின் ஈரலுக்குள் போகிற வழி ஒன்றே ஒன்று இல்லை, பல இருக்கின்றன என்று அத்தையிடம் உட்கார்ந்து சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அன்னைக்கே யாராச்சும் துஷ்டிக்கு வந்தவங்ககிட்ட சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

சரி, நான்-ஸ்டிக் கல்லுக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி, நான்-ஸ்டிக்கில் தோசை சாப்பிட்டால் புற்றுநோய் என்பது உண்மை இல்லை. சுரண்டு பட்டுக் கறுப்புத் துணுக்கு தோசையோடு வயிற்றுக்குள் போனாலும் டெஃப்லான் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். பிரச்சினை அதைச் செய்வதற்குப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. பாத்திரமாகி வரும்போது அதில் மிச்சம் இருப்பது மிகக் குறைவு. மனிதருக்குள் இந்தப் பொருட்கள் பெருமளவு போவது தண்ணீர், மீன் போன்ற உணவு, உணவைச் சுற்றும் காகிதம், வீட்டுத் தூசு இவற்றின் வழியாகத்தான். வெறும் கல்லை அடுப்பில் மறந்துவிட்டு 260 டிகிரியைத் தாண்டவிட்டால் பூச்சு சிதைந்து புகை வரத் தொடங்கும், அதில் கூண்டுப் பறவைகள் செத்திருக்கின்றன. அது தனி ஆபத்து. ஆகவே இந்த இரும்புக் கல்லை வாங்கினால் உங்களுக்குப் புற்றுநோய் வராது என்று நான் எழுதினால் அது பொய்.

அப்புறம் ஏன் மாற்றினாய் என்றால், அந்தக் கல் என் வீட்டுக்கு வருவதற்கு முன்னும், போன பின்னும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டதால். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம் டூபாண்டின் டெஃப்லான் ஆலை. அங்கே ஆற்றிலும் காற்றிலும் குழியிலும் விட்ட பி.எஃப்.ஓ.ஏ ஊர்க் குடிநீரில் கலந்தது. ஒரு விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்து, வழக்கறிஞர் ராப் பிலாட் வழக்கெடுத்து, அதன் பலனாக ஏறக்குறைய 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆறு நோய்களுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று அங்கே அமைத்த அறிவியல் குழு சொன்னது. சிறுநீரகப் புற்றுநோய் அதில் ஒன்று. ஈரல் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே மக்களில் சுமார் 47,000 பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, இந்தப் பொருட்கள் கூடக் கூட ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி என்ற நொதியும் கூடியிருந்தது. லேப் ரிப்போர்ட்டில் ஈரல் பக்கத்தில் முதலில் நாம் தேடிப் பார்க்கிற அதே எஸ்.ஜி.பி.டி.

தோசை ஒட்டாமல் வர வேண்டும் என்ற என்னுடைய வசதிக்கு எங்கோ ஒரு ஊர்க்காரரின் ஈரல் விலை கொடுத்திருக்கிறது. அதை அறிந்த பிறகு அந்தக் கல்லில் மாவு ஊற்றக் கை வரவில்லை.

இப்போது கடைகளில் 'பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அது பொய் இல்லை. அமெரிக்க அரசும் எட்டுப் பெரிய கம்பெனிகளும் 2006-இல் பேசி, 2015-க்குள் அதை நிறுத்துவதென்று முடிவு செய்தார்கள். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் அது சேர்ந்தது. ஆனால் அதற்குப் பதிலாக வந்த ஜென்-எக்ஸ் என்ற பொருளும் இதே குடும்பம். 2021-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதன் நச்சுத்தன்மையை மதிப்பிட்டபோது, எலிகளில் முதலில் பாதிக்கப்பட்ட உறுப்பு என்று எடுத்துக்கொண்டது ஈரலைத்தான். ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படிக்கும் அழியா நச்சுக்கும் இது முதல் சந்திப்பும் இல்லை. 1968-இல் ஜப்பானின் கியூஷு பகுதியில் அரிசித் தவிட்டு எண்ணெய் வாங்கிச் சமைத்தவர்களுக்குத் தோலில் கொப்புளமும் கறுப்பும் வந்தது. ஆலையில் எண்ணெயின் வாடையை நீக்கச் சூடேற்றும் குழாய்க்குள் பி.சி.பி என்ற, எளிதில் அழியாத குளோரின் சேர்மத் திரவம் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் கசிவு. எண்ணெயில் கலந்து வீடு வீடாகப் போய்விட்டது. பல பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்ட ஆண்களிடம் ஈரல் புற்றுநோய்ச் சாவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. பி.சி.பி இன்று புற்றுநோய் முகமையின் முதல் வகுப்பில் இருக்கிறது. அந்த வீடுகளில் சமைத்த பெண்கள் நல்ல எண்ணெய் என்று நம்பித்தானே வாங்கியிருப்பார்கள்.

கல்லுக்கே திரும்புகிறேன், பழக்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

வாங்கிய அன்று தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தேன். சாம்பல் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறப்போட்டுத் தினம் கஞ்சியை மாற்றினேன். நான்காம் நாள் துடைத்து, மெல்லிய தீயில் காயவிட்டு, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு, பூசியதே தெரியாத அளவுக்குத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கினேன். ஆறவிட்டு மறுபடி தடவல். ஐந்து தடவை. அதிகமாக எண்ணெய் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அண்ணாச்சி இதை அழுத்திச் சொல்லியிருந்தார்.

இதிலும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. நல்லெண்ணெயில் லினோலிக் அமிலம் நிறைய. சூட்டிலும் காற்றிலும் அதன் இரட்டைப் பிணைப்புகள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இரும்பின் மேல் வலை போலப் படியும். அதுவும் ஒரு பலபடிதான். ஒட்டாத பூச்சுதான். ஆனால் இது சுரண்டினால் போய்விடும், தீயில் போட்டால் எரிந்து போய்விடும், மண்ணில் போட்டால் மக்கிவிடும். நம் பாட்டிமார் கல்லைப் பழக்குவது என்று சொன்னது இதைத்தான்.

முதல் தோசை அப்படியே பிய்ந்து வந்தது. இரண்டாவதும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டு ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் தேய்த்தேன். முதல் வாரம் ஊத்தாப்பம் மட்டும் ஊற்றுவது நல்லது, கனமாக இருப்பதால் திருப்பும்போது பிய்யாது. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கரண்டியை ஓரத்தில் நுழைக்கும் முன்பே தோசை தானாக விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் தேன் நிறம், ஓரம் முழுக்க முறுகல், மெல்லிய ஓட்டைகள். அந்த நிறம் நான்-ஸ்டிக்கில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கல் முழுக்க ஒரே சூடு என்பதால் முதல் தோசைக்கும் பத்தாவது தோசைக்கும் வித்தியாசம் இல்லை. எண்ணெய் கொஞ்சம் கூடத்தான் செலவாகிறது. தோசைக்கு அரைக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. சூடேற எட்டு நிமிடம் ஆகிறது, காலையில் அவசரத்தில் இது பெரிய விஷயம். நான் எழுந்ததும் முதலில் கல்லைத்தான் வைக்கிறேன். தோசை ஊற்றி முடித்தும் ரொம்ப நேரம் கொதிக்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும். காது இரண்டும் சுடும், துணி இல்லாமல் தொட முடியாது. கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவிட்டால் மறுநாள் துரு நிற்கும். சூட்டோடு குழாயடியில் பிடித்தால் பிளந்துவிடும். அடை, தோசை, சப்பாத்தி சரி. புளி, தக்காளி போட்ட எதையும் இதில் வதக்கக் கூடாது, பழக்கிய பூச்சு கரைந்துவிடும். இரும்பு கொஞ்சம் உணவில் இறங்கத்தான் செய்யும். சோகை உள்ளவர்களுக்கு அது நல்லதாகச் சொல்வார்கள். ஏற்கெனவே ஈரல் நோயோ, உடம்பில் இரும்பு கூடுதலாகச் சேரும் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடை பற்றியும் ஒன்றிரண்டு மனக்குறை. பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். மூடி தனியாகக் கிடையாது, வேறு கடையில்தான் வாங்க வேண்டும். சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. மதியம் ஒரு மணிக்கு அடைத்தால் மாலை நாலரைக்குத்தான் திறப்பார்கள்.

போன மாதம் மகளுக்காக இரண்டாவது கல் வாங்கப் போனேன். அவள் சென்னையில் போரூர்ப் பக்கம் இருக்கிறாள். 2025-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் செம்பரம்பாக்கம் ஏரி, அடையாறு, பெருங்குடிக் குப்பைமேட்டின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களின் தண்ணீரில் பி.எஃப்.ஏ.எஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே அவளுக்குப் போன் செய்தேன். காய்ச்சினால் போய்விடுமா என்று கேட்டாள். போகாது. தண்ணீர் ஆவியாகும், இது தங்கிவிடும். யு.வி. விளக்கு மட்டும் உள்ள சுத்திகரிப்பானும் உதவாது. ஆர்.ஓ. சவ்வும், சரியாகப் பராமரித்த கரிவடிகட்டியும்தான் பிடிக்கும். ஆனால் ஆர்.ஓ. கழித்து ஊற்றுகிற தண்ணீரில் அது இன்னும் கெட்டியாகச் சாக்கடைக்குப் போய்ச் சேரும். வீட்டுக்கு வீடு மிஷின் மாட்டித் தீர்க்கிற காரியம் இல்லை இது. அமெரிக்கா 2024-இல் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ, பி.எஃப்.ஓ.எஸ் ஒவ்வொன்றுக்கும் வைத்த எல்லை, லிட்டருக்கு 4 நானோகிராம். ஆயிரம் லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவை அளக்க நல்ல கருவி வேண்டும், அளந்து சொல்ல மனசும் வேண்டும்.

நிறுத்தினால் குறைகிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2000-இல் பி.எஃப்.ஓ.எஸ் தயாரிப்பைக் கைவிடப்போவதாக 3எம் கம்பெனி அறிவித்தது. அதன் பிறகு அமெரிக்கர்களின் ரத்தத்தில் அதன் அளவு 85 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருக்கிறது. மகளிடம் இதையும் சொன்னேன். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனை வைக்க எனக்கு விருப்பமில்லை. கூடவே, பேரனுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுத் தவணையும் போட்டாயிற்றா, பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவி வறுத்துப் போடாமல் தூக்கி எறிகிறாயா, மாப்பிள்ளை ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்ததே, நடக்கிறாரா என்றும் கேட்டேன். ஈரலுக்கு இன்றைக்கு நம் கையில் இருக்கிற காவல் முதலில் இவைதான். கல்லும் தண்ணீரும் அதற்குப் பிறகு.

அண்ணாச்சி இரண்டாவது கல்லுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். சணல் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்கிற மாதிரிக் கட்டிக் கொடுத்தார்.

என் பழைய நான்-ஸ்டிக் கல்தான் இன்னும் பாக்கி. தெருவுக்கு வரும் பழைய இரும்புக்காரரிடம் போட எடுத்துப் போனேன். உள்ளே அலுமினியம், நல்ல விலை போகும் என்றார். மேலே இருக்கிற கறுப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை எரிச்சுட்டுத்தான் டீச்சர் உருக்குவாங்க" என்றார். எங்கே எரிப்பார்கள் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, பட்டறையில், திறந்த வெளியில். அந்தப் புகையைச் சுவாசிக்கிற ஆளின் முகம் எனக்குத் தெரியாது. கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குப்பை வண்டியில் போட்டாலும் கிடங்கில் தீப்பிடிக்கும்போது அதே கதைதான்.

நாளிதழில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பழைய நான்-ஸ்டிக் பாத்திரங்களை வாங்கி, பூச்சை முறையாகக் கையாளும் இடம் தமிழ்நாட்டில் எங்காவது இருந்தால் எழுதுங்கள். எங்கள் பள்ளியில் மட்டும் பதினொரு ஆசிரியைகள் வீட்டில் இப்படி ஒன்று கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் நானே கட்டி அனுப்பிவிடுகிறேன்.